தாய்வீட்டை இழுத்துப் போகிறவள்

எண்பத்தைந்தில் வண்டி சாதுவாக இருந்தது. எண்பத்தெட்டிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முள் தொண்ணூறைத் தொட்டதும் பின்னால் கட்டியிருந்த கேரவன் இடுப்பை ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் ஒடித்தது. அந்த ஒடிப்பு கொக்கி வழியாக ஏறி, இருக்கை வழியாக ஏறி, குணசுந்தரியின் நடு முதுகில் வந்து உட்கார்ந்தது. காலைக் கொஞ்சம் தூக்கினாள். எண்பத்தாறு. அடங்கியது. நாம்தான் பயத்தில் ஸ்டியரிங்கை ஆட்டிவிட்டோமோ என்று மறுபடி மெல்ல அழுத்தினாள். தொண்ணூறு, மறுபடி அதே ஒடிப்பு. அப்படியானால் கை இல்லை. காற்றா? சாலைக்கு இரண்டு பக்கமும் அறுத்து முடித்த கோதுமை வயல், மறிக்க ஒரு மரம் இல்லை, காற்று யாரைக் கேட்க வேண்டும், இஷ்டத்துக்கு வரலாம். ஆனால் வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்ட பிளாஸ்டிக் பை சும்மா தொங்குகிறதே, காற்றாக இருந்தால் அது படபடக்காதா. நேற்று மெல்போர்னிலிருந்து ஹார்ஷம் வரை இதே கேரவன் தொண்ணூற்றைந்திலும் நல்ல பிள்ளையாகப் பின்னால் வந்தது. ராத்திரி அங்கே கேரவன் பார்க்கில் தங்கி, காலையில் அதே கொக்கியை மாட்டி, சங்கிலியை மாட்டி, விளக்கெல்லாம் எரிகிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஒரே ராத்திரியில் இதற்கு என்ன கேடு வந்தது. “போர்டுல நூறுன்னு போட்டிருக்கான்,” என்றார் தணிகாசலம், பக்கத்து இருக்கையிலிருந்து. கல்யாணமான நாள் முதல் அவர் ஓட்டி இவள் உட்கார்ந்து வந்ததுதான் வழக்கம். அவர் உட்கார்ந்து வருவது இந்த மூன்று மாதமாகத்தான். இன்னும் அந்த இருக்கை அவருக்கு அடுத்த வீட்டு நாற்காலிதான், நுனியில்தான் உட்காருகிறார். “தெரியுதுங்க,” என்றாள். நூறு என்பது பின்னால் எதையும் கட்டிக்கொள்ளாமல் போகிறவனுக்கு எழுதி வைத்தது. எனக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை, நான்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

கேரவன் என்றால் ஊரில் எல்லாருக்கும் சினிமாக்காரர்கள் ஷூட்டிங் நடுவில் போய் உட்காரும் வண்டிதான். வேலூரில் இருக்கும் அண்ணியிடம் போனில் சொன்னபோது, “நடிக்கிறது யாரு, நீயா அவரா?” என்று கேட்டாள். இது வேறு. இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, நான்கு பேர் உட்கார்ந்தால் முட்டியோடு முட்டி இடிக்கிற ஒரு மேசை. மகள் தேன்மொழிக்கு ஏழாம் மாதம். வளைகாப்புப் போட்டால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும்; ஆனால் அவளுக்கு டாக்டர் அடிலெய்டில், ஆஸ்பத்திரி அடிலெய்டில், போன வருஷம் ஒன்று தங்காமல் கலைந்துபோன உடம்பு வேறு, நெடும்பயணமே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெண் தாய்வீட்டுக்கு வர முடியாதென்றால் தாய்வீடு பெண்ணைத் தேடிப் போக வேண்டியதுதான் என்று தணிகாசலம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று குணசுந்தரி ரசம் ஊற்றினாள். அடுத்த வாரம் இது வாசலில் வந்து நின்றது. வளையல் அடுக்கிய கையோடு தேனு சம்பந்தி வீட்டு வாசல்படி இறங்கி, இதற்குள் ஏறி, ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் தாய்வீடு வந்த கணக்கு. இதில் அவருக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. பேரப்பிள்ளை பிறக்கும்வரை பெண் கொடுத்த வீட்டில் கை நனைப்பதில்லை என்பது அவர் குடும்பத்து வைராக்கியம். இனிமேல் அவர்கள் வாசலிலேயே நின்று தன் அடுப்பில் பொங்கிச் சாப்பிடலாம். சம்பந்தி நல்ல மனிதர். போனில் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “வாங்க வாங்க, கரண்டாவது எங்க வீட்டுலேருந்து எடுத்துக்குவீங்களா, அதுவும் கூடாதா?” என்று கேட்டார். இவர் சிரிக்கவில்லை. கரண்டு எடுத்துக்கொண்டால் கை நனைத்த மாதிரி ஆகுமா என்று இரண்டு நாள் யோசித்தார். அப்படிப்பட்ட மனிதர்.

பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டன. கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கார், அதன் பின்னால் நீலம், அதன் பின்னால் தெரியவில்லை, நீண்டுகொண்டே போகிறது. வெள்ளைக் காரில் இருப்பவளுக்கு என்ன அவசரமோ, அவளுக்கும் ஏதாவது ஊரில் ஏதாவது ஒரு பெண் காத்திருக்கலாம். குணசுந்தரிக்குக் கூச்சமாக இருந்தது. கல்யாண வீட்டில் பந்தியில் எல்லாரும் எழுந்த பிறகும் மோரைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பவளைப் போலக் கூசியது. எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது. வகுப்பு எடுத்த டெப்பி சொன்னது இது இல்லையே. கேரவன் இழுக்கிறவர்களுக்காக ஒரு நாள் வகுப்பு நடக்கிறது, தணிகாசலம் பெயருக்குப் பதிவு செய்திருந்ததில் குணசுந்தரி போய் உட்கார்ந்தாள். மற்றவர்கள் எல்லாரும் தொப்பி போட்ட தாத்தாக்கள். சரியான வேகம் எது, ஒரு நம்பரைச் சொல் என்று ஒருவர் விடாமல் கேட்டார். நம்பரை என்னிடம் கேட்காதே என்றாள் டெப்பி. மெதுவாக ஏறு, பின்னால் கட்டியிருப்பது எந்த இடத்தில் வாயைத் திறக்கிறதோ அதிலிருந்து பத்தைக் கழி, இன்றைக்கு அதுதான் உன் வேகம், நாளைக்குச் சுமை மாறினால், காற்று மாறினால், அதுவும் மாறும். தொண்ணூறில் வாயைத் திறக்கிறது. அப்படியானால் எண்பது. எண்பதில் போனால் அந்த வெள்ளைக் கார்க்காரி என்ன நினைப்பாள். எண்பதில் போனால் இவர் சும்மா இருப்பாரா. “எண்பத்தெட்டுல போறியே, நாலரைக்கு மேல ராகு காலம், சீரை ராகு காலத்துலயா கொண்டு போய் இறக்கறது?” என்றார். மாநில எல்லை தாண்டினால் கடிகாரம் அரை மணி பின்னால் போகும், அந்த அரை மணி சும்மா கிடைக்கிற லாபம் என்று காலையில் அவர்தான் கணக்குப் போட்டிருந்தார். ராகு எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார், மெல்போர்னா அடிலெய்டா, அல்லது இவர் சமையலறையில் மாட்டியிருக்கும் சென்னை நாள்காட்டியா? இதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காலை மட்டும் கொஞ்சம் அழுத்தினாள், தொண்ணூறுக்கு ஒரு முடி குறைவாக, அவருக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம் என்று நடுவில். நடுவில் என்று ஒரு வேகம் இல்லவே இல்லை என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

முன்பெல்லாம் அவர் ஓட்டுவார், இவள் பின்னால். வேலூரில் ஸ்கூட்டர், நடுவில் தேனு, கைக்குழந்தை, பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடையில் புகுந்து போவார், இவள் கண்ணை மூடிக்கொண்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மெதுவாகப் போங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னால் கூடுதலாக முறுக்குவார் என்ற பயம். நல்ல ஓட்டுநர்தான். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. அதனால்தான் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. கேரவன் வாங்கின மாதமே, ஒரு சாதாரணக் காலை, இவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், அவர் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். டம்ளர் விழுந்தது. திரும்பினால் தரையில் கிடக்கிறார், கண் மேலே போய்விட்டது, வாய் ஒரு பக்கம் இழுக்கிறது, குதிகால் அடுப்பு மேடைக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவில் தட் தட் தட் என்று அடிக்கிறது. முதலில் விளையாடுகிறார் என்று நினைத்தாள், அதை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது, ஒரு நொடி சிரித்துக்கூட இருப்பாள். பிறகு ஆஸ்பத்திரி. வலிப்பு என்றார்கள். திரும்ப வராமலும் போகலாம், வந்தாலும் வரலாம், ஆறு மாதத்துக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார் டாக்டர், இவர் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு. தேனுவிடம் சொல்லவில்லை. போன வருஷம் அவள் சித்தப்பா செத்த செய்தி போய்ச் சேர்ந்த வாரத்தில்தான் கரு கலைந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார், ஆமாம் ஆமாம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருவரும் நம்பவில்லை. பிள்ளைத்தாச்சியிடம் இதை எப்படிச் சொல்வது. ஆகவே அப்பா நன்றாக இருக்கிறார், அப்பாதான் ஓட்டிக்கொண்டு வருகிறார், அப்பாவுக்கு என்ன குறை. போன வாரம் ஒரு மத்தியானம் படுத்திருந்தவர் இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அவங்க தெருவுக்கு முன்னாடி ஒரு கடை இருக்குல்ல, கார் பார்க்கோட, அங்க நான் மாறிக்கறேன் குணா. ரெண்டு திருப்பம்தான். அவ வாசல்ல நிப்பா. நீ ஓட்டிட்டு வர்றதைப் பார்த்தா அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அவளுக்கு அடுத்த நிமிஷம் தெரிஞ்சுடும்.” அது உண்மை. அவர் அப்படிக் கையைப் பிடித்துக் கேட்டதும் கிடையாது. சரி என்று சொன்னாள். சொன்ன வாய் அன்றிலிருந்து கசக்கிறது. ரெண்டு திருப்பம்தான். அன்றைக்கு அடுப்படியில் எவ்வளவு நேரம், அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிகிற நேரம்கூட இல்லை. ரெண்டு திருப்பத்துக்கு அது தாராளம். வாசலில் தேனு நிற்பாள், அவள் வயிறு நிற்கும், அவர் குதிகால் ஆக்சிலேட்டர் மேல் இருக்கும், தட் தட் என்று, பின்னால் இந்தத் தாய்வீடு. குணசுந்தரி அந்த நினைப்பைத் தலையை ஆட்டி உதறினாள். அது கண்ணாடியில் மறுபடி வந்து நின்றது.

கண்ணாடியில் வந்து நின்றது லாரி. ஒரு லாரியோடு இன்னொரு லாரி கோத்த பெரிய வண்டி, ஆடு ஏற்றியது, வரிசையில் வந்தவர்களில் முதலில் பொறுமை போனது அதற்குத்தான், வலது பக்கம் ஏறிவிட்டது. பக்கத்தில் வந்ததும் அதன் காற்று கேரவனை இடது பக்கம் தள்ளியது. தள்ளும் என்று தெரியும், பிடித்துக்கொண்டாள். தாண்டிப் போகும்போது தள்ளிய அதே காற்று உள்ளே இழுத்தது. அதுவும் தெரியும். தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. கேரவன் நேராக வந்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அந்தப் பக்கம் போனது, திரும்பி வரும்போது கூடுதலாக இந்தப் பக்கம் வந்தது, மறுபடி அந்தப் பக்கம் இன்னும் கூடுதலாக, பக்கத்துக் கண்ணாடியில் தன் வீட்டுச் சுவரே எட்டிப் பார்ப்பதுபோல் அதன் வெள்ளைப் பக்கம் தெரிந்து மறைந்தது, தெரிந்து மறைந்தது, காரின் பின்பக்கம் கையில்லாமல் தானே நகர்ந்தது. “பிரேக்கைப் புடி. புடி குணா, பிரேக்கைப் புடி,” என்று தணிகாசலம் கத்தினார், அவர் வலது கால் வெறும் தரையை மிதித்து மிதித்துத் தேய்த்தது. அவள் காலும் பிரேக்குக்குப் போனது. அவர் குரல் ஒன்றைச் சொன்னால் அவள் உடம்பு அதைச் செய்துவிட்டுத்தான் யோசிக்கும், அப்படிப் பழகிய உடம்பு. பிரேக்கைத் தொட்டால் முன்வண்டி நிற்கும், பின்வண்டி நிற்காது, மடித்துக்கொண்டு போய்ப் படுத்துவிடும். ஓடுகிற பட்டையின் மேல் பொம்மைக் காரும் பொம்மை ட்ரெய்லரும் வைத்து டெப்பி காட்டினாள், தாத்தாக்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். கால் பிரேக்கின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. அழுத்தாமல் இருப்பதற்குத்தான் அவளிடம் இருந்த பலமெல்லாம் தேவைப்பட்டது. ஆக்சிலேட்டரிலும் கால் இல்லை. ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் திருப்பவில்லை, அந்தப் பக்கமும் திருப்பவில்லை, நேராக, நேராக, தூரத்தில் தெரிந்த தானியக் கிடங்கைப் பார்த்துக்கொண்டு நேராக. இடது கை டாஷ்போர்டுக்குக் கீழே தடவிச் சின்னக் குமிழைக் கண்டுபிடித்து அமுக்கியது. அது கேரவனின் சக்கரங்களை மட்டும் பிடிக்கிற பிரேக். பின்னால் யாரோ சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்ததுபோல் வண்டி விறைத்தது. ஆட்டம் ஒருமுறை குறைந்தது. மறுமுறை இன்னும் குறைந்தது. எழுபது. அறுபது. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி அது பின்னால் வந்துகொண்டிருந்தது.

ஓரத்தில் லாரிகள் நின்று போகும் மண் தரை ஒன்று வந்தது, அங்கே நிறுத்தினாள். வரிசையில் வந்த கார்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. வெள்ளைக் கார்க்காரி போகும்போது கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள், திட்டினாளா நலம் கேட்டாளா தெரியவில்லை, முகத்தைப் பார்த்தால் நலம் கேட்ட மாதிரித்தான் இருந்தது. குணசுந்தரி என்ஜினை அணைத்தாள். இறங்கி, கேரவனைப் பிடித்துக்கொண்டே சுற்றிப் போனாள். டயர் சரி, கொக்கி சரி. பின்பக்கம் இருந்த கதவைத் திறந்தாள். திறந்ததும் எதிரே சீர். வாசலை அடைத்துக்கொண்டு நான்கு அரிசி மூட்டை, அதன் மேல் பித்தளைக் குடம், உருளி, குத்துவிளக்கு, பக்கத்தில் கல் கிரைண்டர், எல்லாவற்றுக்கும் மேலே சிவப்புத் துணி மூடிய வளையல் தட்டு, ஆடாமல் கயிறு போட்டுக் கட்டி, பொட்டு வைத்து. வால் கனத்தால் வண்டி ஆடும் என்று மெல்போர்னில் இவள் ஒவ்வொன்றாகத் தூக்கி முன்கட்டிலுக்கு அடியில் அடுக்கினது அத்தனையும் வாலுக்கு வந்துவிட்டது. முன்கட்டிலுக்கு அடியில் இரண்டு ஜோடி செருப்பும் ஒரு குடையும் இருந்தன. பின்னாலேயே வந்து நின்ற தணிகாசலம், “காலையில நீ குளிக்கப் போனப்ப சம்பந்தி போன் பண்ணார்ல,” என்றார். “எல்லாரும் ஆரத்தியோட வாசல்ல நிப்போம்னார். கதவைத் திறந்ததும் சீர்தானே தெரியணும். குடையும் செருப்பும் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்.” பக்கத்துக் கேரவன்காரர் ஒருவர் மூட்டைக்குக் கை கொடுத்தாராம், நல்ல மனிதராம், இவள் திரும்பி வருவதற்குள் எல்லாம் கட்டிக் கதவையும் பூட்டியாயிற்றாம். குணசுந்தரிக்குக் கோபம் வந்தது, நன்றாகவே வந்தது. மூன்று மாதமாக வராத கோபமெல்லாம் சேர்ந்து வந்தது. உங்கள் கௌரவத்தை வாலில் கட்டி என்னை ஓட்டச் சொன்னீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்குள் அவர் குனிந்து ஒரு மூட்டையின் காதைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார், தூக்க முடியாமல் அப்படியே குனிந்து நின்றார், பின்கழுத்தில் மயிர் வெட்டின இடம் வெளுத்துத் தெரிந்தது, தேனுவைப் பார்க்கப் போகிறோம் என்று முந்தாநாள்தான் வெட்டிக்கொண்டு வந்தார். கேட்கவில்லை. “விடுங்க, இழுத்துக்கலாம்,” என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூட்டைகளைத் தரையோடு இழுத்து முன்னால் கொண்டு போனார்கள். கிரைண்டர்தான் சிரமப்பட்டது. “பிரேக் புடின்னு சொன்னேன்ல,” என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. “சொன்னீங்க.” “புடிச்சிருந்தா?” “கவுந்திருக்கும்.” அவர் உருளியைத் துணியால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அப்புறம் தொண்ணூறில் ஒரு முனகல் இல்லை. தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றைந்து, ஒன்றுமில்லை. நூறு போகலாம், எல்லை தாண்டியதும் போர்டில் நூற்றுப்பத்து என்று போட்டிருந்தான், பின்னால் இருப்பது இப்போது எதற்கும் தயார். அவள் எண்பத்தைந்துக்கு இறங்கினாள். கார்கள் சேர்ந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி வழிவிட்டாள், வழிவிட்டதும் மறுபடி எண்பத்தைந்து. கூச்சமெல்லாம் அந்த மண் தரையிலேயே தங்கிவிட்டது. இதுதான் என் வேகம், நேற்றைய வேகம் இல்லை, இவர் வேகம் இல்லை, போர்டு வேகம் இல்லை. சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எண்பத்தைந்தில் போனாலும் அந்தக் கடை கிட்டத்தில்தான் வந்துகொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் தூங்கினார், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூடிய இமை துடித்தது, ரோட்டைப் பார்த்தாள், இமையைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். விழித்தவர் முதலில் சொன்னது, “கடை வாசல்ல மாறிக்கறதை மறந்துடாதே,” என்பதுதான். “ம்,” என்றாள். அந்த ம் சரிக்கும் இல்லைக்கும் நடுவில் எங்கோ கிடந்தது. வாக்குக் கொடுத்தாயிற்று. வாக்கு மீறினால் தேனுவுக்குத் தெரியும், தெரிந்தால் போன வருஷம் மாதிரி, சே, டாக்டர்தான் சம்பந்தமில்லை என்றாரே. வாக்கைக் காப்பாற்றினால் ரெண்டு திருப்பம். பிரேக்கைப் புடி என்று கத்தினவர், வெறும் தரையை மிதித்தவர், அந்தக் கால். நல்ல கால்தான், அதன் மேல் எனக்குக் கோபமில்லை, அது எப்போது அவருடையது எப்போது அவருடையது இல்லை என்று அதற்கே தெரியாது, அவ்வளவுதான். ஒன்றும் ஆகாது என்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சொல்லலாம். மிச்ச ஒன்றில் தேனு வாசலில் நிற்கிறாள். அவருக்கும் இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் கேட்கிறாரா? தெரிந்தும் கேட்கிற அளவுக்கு அவருக்கு அந்த இருக்கை வேண்டியிருக்கிறது. அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரெண்டு திருப்பம், மகள் கண்ணில் அப்பாவாக, அவ்வளவுதான் கேட்கிறார். அதைக்கூடக் கொடுக்க முடியாத பெண்டாட்டியா நான். கொடுத்துவிடலாம். கூடாது. அடிலெய்டுக்கு முன்னால் மலை இறக்கம் வந்தது, கியரைக் குறைத்து, லாரிகளுக்குப் பின்னால் அறுபதில், பிரேக்கை விட்டுவிட்டுத் தொட்டு இறங்கினாள். காலையில் இந்த இறக்கத்தை நினைத்துத்தான் இட்லி இறங்கவில்லை. இப்போது அது பாட்டுக்கு வந்தது, அது பாட்டுக்குப் போனது, இந்த இறக்கம் இன்னும் பத்து மைல் நீண்டால் தேவலை என்றுகூட இருந்தது.

கடை வந்தது. மஞ்சள் போர்டு, முன்னால் நான்கைந்து கார், நிறுத்த இடம் நிறைய. தணிகாசலம் அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்து, சீட் பெல்ட்டைக் கழற்றினார். “இதான் குணா.” அவள் கை இடது பக்க சிக்னலைப் போட்டது. டிக் டிக் என்று அடித்தது. கொடுத்த வாக்குக்குக் கை பணிந்துவிட்டது, அது பழக்கம். கடையின் திருப்பம் நெருங்கி நெருங்கி, பக்கத்தில் வந்து, நின்று பார்த்த மாதிரி இருந்து, பின்னால் போனது. சிக்னலை அணைத்தாள். “தாண்டிட்டே,” என்றார். “தெரியும்ங்க.” “அடுத்த திருப்பத்துல திருப்பிக்கோ.” “மாட்டேன். ஸ்டியரிங்கை உங்ககிட்ட தர மாட்டேன்.” இத்தனை வருஷத்தில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள், அப்புறம் என்று சொல்லியிருக்கிறாள், சரி என்று சொல்லிவிட்டுச் செய்யாமலும் இருந்திருக்கிறாள், இப்படிச் சொன்னதில்லை. குரல் சாதாரணமாக, உப்பு போதும் என்று சொல்வதுபோல் வந்தது. “அவளுக்குத் தெரிஞ்சுடும்,” என்றார் மெதுவாக. “தெரியட்டுங்க. நீங்க நல்லா முன்னால நிக்கும்போதே தெரியட்டும்.”  அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தினால் தேவலை. முதல் திருப்பம் வந்தது, அகலமாக எடுத்துத் திரும்பினாள், கேரவன் நடைபாதை ஓரத்தைத் தொடாமல் பின்னால் வந்தது. பக்கத்தில் ஒரு சின்னச் சத்தம். அவர் சீட் பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். ராகு காலம் ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது, அதைப் பற்றி அவர் மூச்சுக் காட்டவில்லை.

இரண்டாவது திருப்பம். தெரு நேராக நீண்டு கிடந்தது, சாயங்கால வெயில் நேரே கண்ணாடியில் அடித்தது, இவள் வெயில் மறைக்கிற தகட்டை இறக்கிக்கொண்டாள். தெருக்கோடியில் வாசலில் நான்கைந்து பேர். சம்பந்தியம்மா கையில் தட்டு, மாப்பிள்ளை கையில் போன், படம் எடுக்கத் தயாராக. அவர்களுக்கு முன்னால், நடைபாதைக்கே வந்து, பச்சைப் புடவையில் தேனு, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையால், கார்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெயிலை மறைத்துக்கொண்டு. வயிறு இவ்வளவு பெரிதாகியிருக்கும் என்று போனில் பார்த்ததில் தெரியவில்லை. “மெதுவா போ குணா,” என்றார் தணிகாசலம். “நாப்பதுலதாங்க போறேன்.” “இன்னும் மெதுவா.” காலையிலிருந்து போ போ என்றே சொல்லிக்கொண்டு வந்த மனிதர், இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு கொஞ்சம் யோசிச்சுக்கறேன்.” குணசுந்தரி காலை எடுத்தாள். முப்பது. இருபது. பின்னால் வந்த கார் ஒன்று ஹாரனைத் தொட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. தேனு சிரித்துக்கொண்டு கையை ஆட்டினாள்; அந்த வெயிலில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருப்பது யார் என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. குணசுந்தரி பத்துக்குக் குறைத்தாள்.